இதரப் பெட்டி

ஜூன் 2, ஞாயிறு

எங்கள் குடியிருப்பின் இணையதளம் இன்று காலை பத்தேகாலுக்குத் திறந்து வைக்கப்பட்டது. மடிக்கணினிக்கு முன்னால் குத்துவிளக்கு. மின்விசிறியை நிறுத்தினால்தான் விளக்கு எரியும். ஓடினால்தான் செயலாளரால் பேச முடியும். கடைசியில் விளக்கு தோற்றது.

செயலாளர் சுகவனம் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது நிமிடம் பேசினார். அதில் மூன்று நிமிடம் என்னைப் பற்றி. முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்த அம்சவேணி மேடம், ஓய்வுக்குப் பிறகு ஆறு மாதம் வகுப்புக்குப் போய் பி.எச்.பி. கற்று, ஒரு கைம்மாறும் எதிர்பார்க்காமல் இந்தத் தளத்தை எழுதித் தந்திருக்கிறார் என்றார். கோவையில் வேறெந்தக் குடியிருப்பிலும் இப்படி இல்லை என்றும் சொன்னார். வேறு எந்தக் குடியிருப்புக்கும் அவர் போனதில்லை.

எதையும் எனக்கே ஒருமுறை பாடம் நடத்திக்கொண்டால்தான் மனதில் நிற்கும். ஆகவே இங்கும் எழுதி வைக்கிறேன். நூற்றெட்டு வீட்டுக்காரர்களும் தங்கள் குறையை ஒரே பெட்டியில் தட்டச்சு செய்வார்கள். வரும் வாக்கியத்துக்குள் நான்கு சொற்களை என் நிரல் தேடும்: தண்ணீர், கரண்ட், லிஃப்ட், குப்பை. உதாரணத்துக்கு, பள்ளியில் தபால் பிரிக்கும் பியூனை நினைத்துக்கொள்ளலாம். கடிதத்தில் ‘தேர்வு’ என்று இருந்தால் தலைமையாசிரியருக்கு, ‘சத்துணவு’ என்று இருந்தால் அமைப்பாளருக்கு. அதுபோல ‘லிஃப்ட்’ என்று எங்காவது கண்ணில் பட்டால் எங்கள் எலக்ட்ரீசியன் ஆறுச்சாமியின் போனுக்குச் செய்தி போகும். எந்தச் சொல்லும் இல்லாவிட்டால் அது இதரப் பெட்டிக்குப் போகும். இதரப் பெட்டியைத் திறந்து படிக்கும் பொறுப்பு செயலாளருடையது.

லிஃப்ட் என்பதை மக்கள் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று யோசித்து ஆறு விதத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். பத்து மாதிரிப் புகார்கள் எழுதிச் சோதித்தேன். பத்தும் சரியான இடத்துக்குப் போயின. நூற்றுக்கு நூறு.

என் கணவர் பொன்னுரங்கம், மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர், அந்தப் பத்தையும் வாசித்துப் பார்த்தார். “ஐயா, ஐயா, ஐயான்னு பத்துமே ஐயாவுல ஆரம்பிக்குதே. லீவு லெட்டரா அம்சா?” என்று கேட்டார். கடிதம் என்றால் விளிப்பு வேண்டாமா என்றேன். மில்லில் இருந்தவருக்கு இதெல்லாம் தெரியாது.

ஜூன் 3

பதினோரு புகார்கள். தளம் உயிரோடு இருக்கிறது. தோசைக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 9

மூன்றாம் மாடி லூர்துசாமி சார் தபால் துறையில் இருந்தவர். அவர் புகார் எழுதும் அழகே தனி. “பேரன்பும் பெருமதிப்பும் மிக்க நிர்வாகிகள் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள். தாங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்” என்று தொடங்கி, நான்காவது வரியில் மெதுவாக, யாரையும் புண்படுத்தாமல், குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்பதைத் தெரிவிப்பார். இன்று ஒன்பதரைக்கு எழுதினார். பத்து மணிக்கு ஆறுச்சாமி அவர் வீட்டில் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

அதற்கு நேர் மேலே நான்காம் மாடியில் ருக்மணி இருக்கிறார். மூட்டு வலிக்காரர். ஒரு வாரமாக எழுதுகிறாராம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம். எதைப் பற்றி என்றேன். லிஃப்ட்டைப் பற்றி என்றார். எழுதியதும் திரையில் என்ன வந்தது என்று கேட்டேன். ‘உங்கள் புகார் பெறப்பட்டது, அரை மணி நேரத்துக்குள் ஆள் வருவார், நன்றி’ என்று வந்ததாம். அப்படியென்றால் தளம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆறுச்சாமிதான் செய்யவில்லை.

ஜூன் 16

ஆறுச்சாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு வருடமாக இங்கே மோட்டார், கரண்ட், லிஃப்ட் எல்லாம் அவர்தான். பம்ப் அறைக்கு ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு இருக்கிறார். இன்று காலை குழுக்கூட்டத்துக்கு வந்து, பி பிளாக் லிஃப்ட் சரியில்லை, கம்பெனி ஆளைக் கூப்பிட வேண்டும் என்றார். சுகவனம் தன் போனைத் தூக்கிக் காட்டினார். பதினான்கு நாளில் லிஃப்ட் பற்றி வந்த புகார் ஒன்றே ஒன்று. அதுவும் உள்ளே கண்ணாடி அழுக்காக இருப்பதாக லூர்துசாமி சார் வருந்தி எழுதியது.

“கம்ப்யூட்டர்ல இல்லைன்னா புகாரே இல்லைன்னு அர்த்தம், ஆறுச்சாமி. வாயில சொல்றதெல்லாம் இனிமே கணக்குல வராது. உனக்கே குறை இருந்தாலும் கம்ப்யூட்டர்ல போடு. புகார் நம்பர் இல்லாம எந்த வேலையும் தொடக் கூடாது.”

சற்றுக் கடுமைதான். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று வந்தால் முதலில் அப்படித்தான் இருக்கும். வகுப்பில் கை தூக்காமல் பேசக் கூடாது என்று சொல்லும் முதல் வாரம் எப்போதும் சிரமம்தான்.

வெளியே வந்ததும் ஆறுச்சாமி என்னிடம் எப்படி எழுதுவது என்று கேட்டார். தெரியாததைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். “சுத்தி வளைக்க வேண்டாம். ‘லிஃப்ட் பி’ன்னு ஆரம்பிங்க, என்ன குறை, எந்த மாடி. அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டினார். எத்தனை தலையாட்டல்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 21

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. இவர் வாங்கி வரப் போனவர், மாத்திரையை விட்டுவிட்டு இரண்டு கிலோ மாங்காய் வாங்கி வந்திருக்கிறார். ஆவக்காய் போட வேண்டும்.

காலை பத்து மணிக்கு பால்கனியில் துணி உலர்த்தும்போதெல்லாம் பார்க்கிறேன். பம்ப் அறை வாசலில் உட்கார்ந்து ஆறுச்சாமி போனைத் தடவிக்கொண்டிருக்கிறார். ஒற்றை விரலால், மூக்கு போனில் படும் அளவுக்குக் குனிந்து. ருக்மணி போன்றவர்கள் படியேறிக்கொண்டிருக்க, அவருக்கு வீடியோ. எந்த வயதையும் அந்தக் கருவி விடுவதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

முதல் மாத அறிக்கை. சுகவனம் வண்ணத்தில் அச்சிட்டு எல்லா பிளாக்கிலும் ஒட்டிவிட்டார். தண்ணீர் 5, கரண்ட் 3, குப்பை 2, லிஃப்ட் 2, இதரம் 61.

“பாத்தீங்களா மேடம், பிரச்சினைன்னு ஒண்ணுமே இல்ல. அறுபத்தொண்ணு பேர் சும்மா பொழுது போகாம எதையோ எழுதியிருக்காங்க” என்றார். படித்தீர்களா என்றேன். ஒரு தலைப்பும் இல்லாததை எந்தத் தலைப்பில் படிப்பது என்று கேட்டார். வங்கியில் அவருக்கு விருது கொடுத்திருக்கிறார்கள், சுவரில் மாட்டியிருக்கிறது.

தளம் எழுதியவள் என்ற முறையில் அந்தப் பெட்டிக்கு என்னிடமும் ஒரு சாவி உண்டு. திறக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது நாகரிகம் இல்லை. தவிர, மாங்காயை இன்று நறுக்காவிட்டால் பழுத்துவிடும்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். அறுபத்தொரு பேர் எழுதியும் என் நிரலுக்கு ஒன்றும் புரியவில்லை என்றால் குறை எங்கே? மக்களுக்கு விஷயத்தைச் சொல்லத் தெரியவில்லை. அன்பும் மதிப்பும் பணிவும் வணக்கமுமாகப் பக்கத்தை நிரப்புகிறார்கள் போலிருக்கிறது. ஆகவே தளத்தின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வைத்தேன்:

‘தயவுசெய்து நேராக விஷயத்துக்கு வாருங்கள். முதல் சொல்லே குறையின் பெயராக இருக்கட்டும். உதாரணம்: லிஃப்ட் நின்றுவிட்டது.’

உதாரணம் இல்லாமல் எந்தப் பாடமும் முழுமையாகாது.

ஜூலை 5

அறிவிப்பு வைத்த பிறகு வந்த புகார்கள்: தண்ணீர் 0, கரண்ட் 0, குப்பை 0, லிஃப்ட் 0.

சுகவனம் மைசூர்பாகோடு வந்தார். இத்தனை வேகத்தில் ஒரு குடியிருப்பு திருந்தி அவர் பார்த்ததில்லையாம். அடுத்த மாதம் வேறு மூன்று குடியிருப்புகளிலிருந்து நம் தளத்தைப் பார்க்க வருகிறார்களாம்.

மாலையில் பூங்காவில் லூர்துசாமி சாரைப் பார்த்தேன். குளியலறையில் மீண்டும் தண்ணீர் இல்லை, எழுதி நான்கு நாள் ஆகிறது என்றார். “நீங்க போட்டிருந்த மாதிரியேதான் எழுதினேன் டீச்சர். தண்ணீர் வரவில்லைன்னு மொட்டையா. எனக்கே ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு.” பழகிவிடும் என்றேன்.

மைசூர்பாகில் நெய் குறைவு.

ஜூலை 7

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. சுற்றறிக்கை வந்திருக்கிறது. முதல் தீர்மானம்: புகார்களே இல்லாத நிலையில் முழுநேர எலக்ட்ரீசியன் தேவையில்லை, ஆறுச்சாமியை மாத இறுதியோடு நிறுத்திவிட்டு, மாதம் இருமுறை வந்து பார்க்கும் ஒரு கம்பெனியை அமர்த்துவது, பம்ப் அறைக்கு ஒட்டிய அறையை அவர் காலி செய்வது. இரண்டாம் தீர்மானம்: அம்சவேணி மேடத்துக்குப் பொன்னாடை.

முதலாவதைப் பற்றி சுகவனத்திடம் கேட்டேன். லிஃப்ட் பழுது என்று ஆறுச்சாமி கதை கட்டுகிறார், உதிரிபாகம் விற்பவனோடு ஏதோ ஏற்பாடு என்றார். “கம்ப்யூட்டர்ல போடுன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே மேடம். ஒண்ணாவது போட்டிருக்கானா? உங்க அறிக்கையே சாட்சி.”

உண்மைதான். நான் அவ்வளவு எளிமையாகச் சொல்லிக்கொடுத்தும் ஒருவரி எழுதவில்லை. பாடம் நடத்தினால் மட்டும் போதாது, வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும் என்பதை ஓய்வு பெற்ற பிறகு மறந்துவிட்டேன்.

மதியம் ஆறுச்சாமியின் மனைவி முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கீரை இளசு.

ஜூலை 10, புதன்

இன்று இவர் பி லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டார். கையில் கொத்தமல்லிக் கட்டும் அரை லிட்டர் பாலும். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நாற்பத்தைந்து நிமிடம்.

போன் இருந்ததே, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். மனைவி எழுதிய தளம் இருக்கும்போது அக்கம்பக்கத்தை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அதில்தான் எழுதினாராம். “லிஃப்ட் நின்றுவிட்டது. நான் உள்ளே இருக்கிறேன்.” என் உதாரணத்தையே எடுத்தாண்டிருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் ஆள் வருவார், நன்றி என்று வந்திருக்கிறது. நம்பி அரை மணி நேரம் நின்றிருக்கிறார். முப்பத்தோராவது நிமிடத்தில் கதவைத் தட்டத் தொடங்கினார்.

ஆறுச்சாமிக்குச் சத்தம் கேட்டு, மொட்டை மாடிக்கு ஓடி, மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி ஐந்தாம் மாடி மட்டத்துக்கு ஏற்றி, கதவைத் திறந்து இவரை இறக்கினார். பால் திரியவில்லை.

மாலையில் ஆறுச்சாமிக்கு சுகவனம் ஒரு மெமோ கொடுத்தார். புகார் நம்பர் இல்லாமல் லிஃப்ட்டைத் தொட்டதற்கு.

சாப்பிடும்போது இவர் சொன்னார்: “ஆறுச்சாமி போனைக் காட்டச் சொல்லிப் பாத்தேன் அம்சா. என்னோட மெசேஜ் அவனுக்கு வரவே இல்ல. உன் மெஷினைப் பொறுத்தவரைக்கும் நான் இன்னைக்கு லிஃப்ட்ல ஏறவே இல்ல போலிருக்கு.”

நாளை பார்க்கிறேன் என்றேன். இவர் மோர் கேட்டார். ஊற்றினேன்.

ஜூலை 11

மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இவருடைய புகார் இதரப் பெட்டியில் இருந்தது. ‘லிஃப்ட்’ என்ற சொல் அதில் தெளிவாக இருக்கிறது, எழுத்து மாறவில்லை. அதையே நகலெடுத்து மறுபடி அனுப்பினேன். மறுபடியும் இதரம். முன்னால் ‘ஐயா,’ என்று சேர்த்து அனுப்பினேன். உடனே கீழே பம்ப் அறை வாசலில் ஆறுச்சாமியின் போன் கூவியது. ‘ஐயா’வை எடுத்தேன். இதரம். சேர்த்தேன். கூவியது. ஆறுச்சாமி அண்ணாந்து பார்த்தார். நான் துணிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

காரணம் பிடிபட மதியம் ஆனது.

நான் பயன்படுத்திய கட்டளை, சொல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்று ஓர் எண்ணைத் தரும். அதுவும் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சொல் இருந்தால் பதில் பூஜ்யம். எங்கேயும் இல்லாவிட்டால் பதில் ‘இல்லை’. நான் எழுதியதோ, ‘பதில் ஏதாவது இருந்தால் அனுப்பு’ என்று மட்டும். அப்படி மேலோட்டமாகக் கேட்டால் பூஜ்யமும் இல்லையும் பி.எச்.பி.க்கு ஒன்றுதான்.

உதாரணம். வகுப்பில் பெஞ்சுகளுக்குப் பூஜ்யத்திலிருந்து எண் போட்டிருக்கிறேன். வகுப்புத் தலைவியிடம் மல்லிகா எந்த பெஞ்ச் என்று கேட்கிறேன். பூஜ்யம் டீச்சர் என்கிறாள். என் கண்ணுக்கு நேராக முதல் பெஞ்சில் மல்லிகா உட்கார்ந்திருக்கிறாள். நான் பூஜ்யம் என்று காதில் வாங்கி ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறேன்.

ஆக, வணக்கம் போட்டு வளைத்து எழுதியவர்களுக்கெல்லாம் வேலை நடந்திருக்கிறது. நேராக விஷயத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆப்சென்ட். அது போதாதென்று எல்லாரையும் நேராக விஷயத்துக்கு வரச் சொல்லி சிவப்பு எழுத்தில் அறிவிப்பும் வைத்தவள் நான்.

இந்தத் தவறைப் பற்றி கையேட்டிலேயே பெட்டி கட்டி எச்சரித்திருக்கிறார்கள். என் வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த எச்சரிக்கையை அப்படியே, அழகான கையெழுத்தில், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நோட்டுக்கு என்றால் பத்துக்குப் பத்து போடலாம்.

திருத்தம் ஒரு நிமிட வேலை. ‘இல்லை என்பதற்கு முற்றிலும் சமமாக இல்லாவிட்டால்’ என்று கேட்க வேண்டும். ஓர் ஆச்சரியக்குறி, இரண்டு சமக்குறி. மூன்று குறிகள். போட்டேன்.

பிறகு இதரப் பெட்டியைத் திறந்தேன். நூற்று நாற்பத்திரண்டு கடிதங்கள். சோதனைக்கு நான் அனுப்பியவை போக நூற்று நாற்பது. லிஃப்ட் மட்டும் தொண்ணூற்றேழு.

அதில் இருபத்து நான்கு ஒரே ஆளுடையவை. ஜூன் பதினேழு முதல் நேற்று வரை நாளுக்கு ஒன்று. எல்லாம் காலை பத்து மணிக்கு.

ஜூலை 12

சுகவனத்திடம் சொன்னேன். தாளில் பெஞ்ச் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“மேடம், திருத்திட்டீங்கல்ல? முடிஞ்சது விஷயம். இனிமே வர்றது சரியா வரும். பழசை எதுக்குக் கிளறணும்? அறிக்கை அடிச்சு ஒட்டியாச்சு. அடுத்த மாசம் மூணு இடத்துலேருந்து பாக்க வர்றாங்க. பொன்னாடைக்குச் சொல்லியாச்சு. ஆறுச்சாமிக்கு வேற எங்கயாவது நானே சொல்லி வெக்கிறேன்.”

பழைய இருபத்து நான்கு கடிதங்கள் என்றேன்.

“அதெல்லாம் உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்.”

தேநீர் கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஜூலை 13

ஆவக்காயைக் கிளறிவிட்டேன். எண்ணெய் மேலே மிதக்கிறது, நல்ல பதம்.

தவறு என்று அதைச் சொல்ல முடியாது. குறைபாடு எனலாம். பெரிய பெரிய நிறுவனங்களிலேயே இந்தப் பூஜ்யத்தில் சறுக்கியிருக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அறுபத்து மூன்று வயது. ஆறு மாத வகுப்பு. ஒரு கைம்மாறும் எதிர்பார்க்கவில்லை. ஆறுச்சாமிக்கும் வேறு இடம் கிடைக்கும் என்கிறார் சுகவனம்.

பத்து மணிக்குத் துணி உலர்த்தும்போது பார்த்தேன். பம்ப் அறை வாசலில் தகரப் பெட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஆறுச்சாமியும் மனைவியுமாக. போன் பக்கத்தில் கிடந்தது. இன்று அவர் எதுவும் எழுதவில்லை.

இவரிடம் எந்தப் புடவை கட்டலாம் என்று கேட்டேன். “பொன்னாடை மேல வரும்ல, எதைக் கட்டினாலும் தெரியாது” என்றார். பிறகு பேப்பருக்குள்ளிருந்தபடியே, “அதுக்குத்தானே போடறதே” என்றார்.

மதியம் நூற்று நாற்பது கடிதங்களையும் அச்சிட்டேன். எதற்கென்று தெரியாது. மை தீர்ந்துவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

வரிசைப்படி முதல் தீர்மானம்தான் முதலில் வரவேண்டும். சுகவனம் பொன்னாடையை முன்னால் கொண்டுவந்துவிட்டார். நல்ல செய்தியோடு தொடங்கலாமாம். போர்த்தினார்கள். சரிகை கழுத்தைக் குத்தியது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

எண்பது பேராவது இருந்தார்கள். ஆறுச்சாமி கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

நான் பையிலிருந்து தாள்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். பெயர், வீட்டு எண், தேதி, புகார். ருக்மணி, ஜூன் 4: லிஃப்ட் நிக்கிற மட்டம் சரியில்லை. ருக்மணி, ஜூன் 6: லிஃப்ட் குலுங்குது. பத்து கடிதம் வாசிப்பதற்குள் கூட்டத்தில் ஒவ்வொருவராக, அது நான் எழுதியது, அது என்னுடையது என்று எழுந்துகொண்டார்கள். சுகவனம் மைக்குக்குக் கை நீட்டி, டெக்னிக்கல் விஷயத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். கை தூக்கிவிட்டுப் பேசுங்கள் என்றேன். பழக்க தோஷம். அவர் உண்மையிலேயே பாதிக் கையைத் தூக்கிவிட்டார்.

பிறகு அந்த இருபத்து நான்கு.

“ஜூன் 17. லிஃப்ட் பி நாலாம் மாடில அரையடி கீழ நிக்குது. ஜூன் 18. லிஃப்ட் பி நாலாம் மாடி, அதே. ஜூன் 25. லிஃப்ட் பி பிரேக்கு சத்தம் போடுது, கம்பெனி ஆள் வரோணும். ஜூலை 3. லிஃப்ட் பி பிரேக்கு தேய்ஞ்சு போச்சு. ஜூலை 9. லிஃப்ட் பி நாளைக்கோ நாளான்னிக்கோ நின்னு போகும். ஆள் உள்ள இருந்தா கஷ்டம். ஜூலை 10, காலை பத்து மணி. லிஃப்ட் பி யாரையும் ஏத்த வேண்டாம்.”

இவர் அன்று பதினொன்றே காலுக்கு ஏறினார். எல்லாருக்கும் தெரியும்.

“இதெல்லாம் எழுதினவர் ஆறுச்சாமி. இந்த மாதிரி ஆரம்பிச்சு எழுதச் சொன்னது நான். அப்படி ஆரம்பிச்சா எடுத்துக்காத மாதிரி புரோகிராம் எழுதினதும் நான்தான். தப்பு என்னோடது” என்றேன். பெஞ்ச் உதாரணத்தையும் சொன்னேன். ஒருவருக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை. முதல் பாதி புரிந்திருந்தது, அது போதும்.

தீர்மானத்துக்கு ஆதரவாக யார் யார் என்று தலைவர் கேட்டார். சுகவனத்தின் கை மேலே போனது. பாதி வழியில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கியது. வேறு கை இல்லை. லூர்துசாமி சார் மட்டும் எழுந்து, அனைவருக்கும் பணிவான வணக்கங்களுடன், தன் குளியலறையில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்றார்.

ஜூலை 15

பம்ப் அறைக்குப் போனேன். தகரப் பெட்டி பழைய இடத்துக்குப் போயிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். ஆறுச்சாமி பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிறகு கேட்டார்:

“ஏனுங் டீச்சரம்மா, வணக்கங்கூடப் போடாம மொட்டையா எழுதினனே, மரியாதையில்லைன்னுதான் உங்க கம்ப்யூட்டர் எடுத்துக்கலீங்களா?”

பெஞ்ச் உதாரணத்தைச் சொன்னேன். பூஜ்யத்தைச் சொன்னேன். தரையில் சுண்ணாம்பால் வரைந்தும் காட்டினேன். தலையாட்டினார். எத்தனை தலையாட்டல்களை நான் பார்த்திருக்கிறேன். இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. நான் சொன்ன ஒன்றையும் அவர் நம்பவில்லை.

ஜூலை 22

கம்பெனி ஆட்கள் வந்து பி லிஃப்ட்டுக்குப் புது பிரேக் போட்டுவிட்டார்கள். ருக்மணி கீழே இறங்கி வந்து பூங்காவில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை மிக்சியின் மேல் போர்த்தக் கச்சிதமாக இருக்கிறது.

ஜூலை 31, புதன்

இரண்டாவது மாத அறிக்கைக்குக் கணக்கெடுத்தேன். புது பிரேக் போட்ட பிறகும் லிஃப்ட் புகார் நாளுக்கு ஒன்று. திறந்து பார்த்தேன்.

‘அய்யா வணக்கமுங்க. எல்லாரும் நல்லா இருக்கோணும். லிஃப்ட் பி நல்லா ஓடுது. புகார் ஒண்ணும் இல்லீங்க. இப்படிக்கு ஆறுச்சாமி.’

எல்லாம் காலை பத்து மணிக்கு. என் நிரலுக்கு ‘லிஃப்ட்’ என்ற சொல் கிடைத்தால் போதும், நல்லா ஓடுதா நின்றுவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. புகாராகப் பதிந்து, நம்பர் கொடுத்து, ஆறுச்சாமியின் போனுக்கே அனுப்புகிறது. அவர் போய் லிஃப்ட்டைப் பார்த்துவிட்டு, சரி என்று போடுகிறார். பொதுக்குழுவில் போட்ட புது விதிப்படி ஒவ்வொரு லிஃப்ட் புகாரையும் செயலாளர் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆகவே தினமும் பத்தரை மணிக்கு சுகவனம் பி லிஃப்ட்டில் ஆறு மாடி ஏறி இறங்குகிறார்.

இன்று மதியம் வந்திருந்தார். நல்லா இருக்கும் லிஃப்ட்டை நல்லா இருக்கிறது என்று சொன்னால் அதைப் புகாரில் சேர்க்காமல் இருக்க வழியில்லையா மேடம் என்று கேட்டார். இருக்கிறது. அரை மணி நேர வேலை.

எலுமிச்சை வாங்கி வைத்திருக்கிறேன், ஊறுகாய் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.